பூர்கியின் வெயில் பெட்டி

என் அக்கா பூர்கி பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவள் அல்ல. கோடையிலாவது அடுப்பு மூட்டாமல் வெந்நீர் வேண்டும், அவ்வளவுதான். விறகுப் புகை பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். ஆனால் பால் பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் விறகுக் கொப்பரைதான். மின்சாரத்தில் சுட வைக்க எங்கள் ஸ்டிரியா மலைப் பண்ணைகளில் அப்போது யாருக்கும் வசதி இல்லை.

அவள் புருஷன் செவரின் தகர வேலைக்காரன். அந்த வருடம் மலையில் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து தங்கள் கையாலேயே வெயில் பெட்டி செய்யக் கிளம்பினார்கள். கறுப்புத் தகடு, அதன் அடியில் தண்ணீர்க் குழாய், மேலே கண்ணாடி மூடி. கூரையில் ஏற்றிவிட்டால் வெயில் தண்ணீரைச் சுட வைத்துவிடும். ஆனால் அந்தக் கண்ணாடி, இரும்புக் கனத்தை எங்கள் பழைய கூரைகள் தாங்காது. அக்கா வீட்டுக் கூரை சுத்தமாகத் தாங்காது.

குளிர்காலம் முழுக்க செவரின் மண்டையை உடைத்துக்கொண்டான். மரச் சட்டம், கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் பலகை, மெல்லிய செப்புத் தகடு என்று ஒரு பெட்டி பிறந்தது. விலையும் பாதிதான். அதை நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தோம்.

“கயேட்டான் விடுதிப் பன்றிக்கறித் தட்டைவிட லேசா இருக்கு பாத்தியா?” என்று செவரின் சிரித்தான்.

எல்லாருமாகச் சாமான் வாங்கிப் பொதுவில் வைத்தார்கள். வரிசைக்குச் சீட்டு எடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டுக் கூரையில் எல்லாரும் வேலை செய்வார்கள். மதியச் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. செவரினுக்கு இரண்டாவது சீட்டு வந்தது.

“கோடை விருந்தாளிங்க வந்துருவாங்கப்பா. உனக்கு என்ன அவசரம்?” என்றான் விடுதிக்காரன் கயேட்டான்.

“சரி, நீ முதல்ல போட்டுக்க,” என்றான் செவரின்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால் மானம் போய்விடும். அடுத்து கைக்குழந்தைக்காரி கேட்டாள், அதற்கும் சரி. இப்படியே செவரின் கடைசிக்குப் போய்விட்டான்.

கயேட்டான் கூரையில் பெட்டியை ஏற்றிக் கீழ்க் கொக்கிகள் மாட்டி முடிந்ததும் மாதாகோயில் மதிய மணி அடித்தது. மணி அடித்தபின் எங்கள் மலையில் ஒருவனும் இன்னொரு ஆணி அடிக்கமாட்டான்.

“மேல் கொக்கியையும் மாட்டிட்டு இறங்குங்க. லேசான பெட்டி, காத்து தூக்கிரும்,” என்று செவரின் கத்தினான்.

“மாவுருண்டை ஆறிப்போகுது, வாய்யா! சாப்பிட்டுட்டு மாட்டலாம்,” என்று கயேட்டான் கூப்பிட்டான்.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே அக்காவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஆள் வந்தது. செவரின் ஓடினான். மற்றவர்கள் ஆப்பிள் மதுவில் இறங்கினார்கள். மறுநாள் அவன் கேட்டதற்குக் கயேட்டான், “எல்லாம் மாட்டியாச்சுப்பா” என்றான்.

ஆகஸ்டுப் புயலில் கயேட்டானின் பெட்டி மட்டும் பறந்துபோய்ப் பன்றிக் கொட்டகைமேல் விழுந்து நொறுங்கியது.

“அட்டைப் பெட்டியைச் செஞ்சு என் தலையில கட்டிட்டான்!” என்று கூட்டத்தில் கயேட்டான் குதித்தான். மேல் கொக்கி மாட்டாததை அறிந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவன் சோற்றைத் தின்ற ஒரு வாயும் திறக்கவில்லை.

யாருடைய பெட்டி கெட்டாலும் பொதுச் சாமானிலிருந்து செய்து தருவது என்பது ஏற்பாடு. மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு பெட்டிக்கான சாமான், செவரினுடைய பங்கு. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

“எடுத்துக்குங்க,” என்றான் அந்த மடையன்.

“உன் பொண்டாட்டி மூச்சையும் சேத்துக் குடு!” என்று நான் கத்தினேன்.

“அடுத்த வருஷம் போட்டுக்கலாம்,” என்று அக்காவே என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கும் அதே வியாதி.

அடுத்த ஜூன் மாதம், நல்ல வெயில் நாளில், கொப்பரைக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்து செத்துப்போனாள்.

எங்கள் வழக்கப்படி அடக்கம் முடிந்ததும் எல்லாரும் விடுதிக்குச் சாப்பிடப் போனோம். கயேட்டான் விடுதிக்குத்தான், வேறு விடுதி கிடையாது. செவரின் மண் ஒட்டிய கைகளைக் கழுவக் குழாயைத் திறந்தான். ஆவி பறந்தது.

“பாத்து, கை வெந்துரும்,” என்றான் கயேட்டான் பெருமையாக. “உன் பெட்டிதான்ப்பா. மேல் கொக்கி போட்டதுலேர்ந்து அசையவே இல்ல.”

செவரின் கையை எடுக்கவில்லை. தோல் சிவக்கும்வரை அந்தத் தண்ணீரிலேயே வைத்திருந்தான்.

“என்னுது இல்ல,” என்றான். “பூர்கியோடது.”