எடுக்காமல் விட்ட போன்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதிக் கொடுத்த உறவினர்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்றே எழுதியிருக்கிறார்கள். பொறுமைசாலிதான். எல்லாச் சுமையையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு அப்படிச் சொல்வது நமக்கும் வசதியாக இருந்தது.

ராயபுரத்தில் பிறந்தவர். அப்பா காசிமேட்டில் படகு பழுது பார்த்தவர். அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்த வருடம் அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினார். இருபத்திரண்டு வயதில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போனார். கப்பலின் தொட்டிக்குள் இறங்கித் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை.

அப்போது அவர் கையில் செல்போன் கிடையாது. காலிங் கார்டு வாங்கி, அதைச் சுரண்டினால் தெரியும் எண்ணைப் பொதுத் தொலைபேசியில் அழுத்திப் பேச வேண்டும். நாங்கள் எடுத்தால்தான் கார்டில் காசு குறையும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பேசுவார். மற்ற ஞாயிறுகளில் மூன்று தரம் மணி அடித்து நின்றால் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. அம்மா விரல் விட்டு எண்ணி, மணி நின்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு ஞாயிறு, மணி மூன்றோடு நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா கையை நீட்டினார். நான் பிடித்து இழுத்தேன்.

"எடுக்காதம்மா, கார்டு பூடும். அண்ணன் இன்னிக்கு குஷியா கீது போல."

நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்தது. அப்பாகூடச் சிரித்தார்.

அடுத்த மாதம் பேசியபோது, "அன்னிக்கு எங்க பூட்டீங்க?" என்று கேட்டார். குரலே சரியில்லை. கார்டுக்காக எடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் திருவொற்றியூர் கோயிலுக்குப் போயிருந்தோம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சரி என்றார். அதே பட்டறையில் இன்னும் மூன்று வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்தச் சம்பளத்தில்தான் என் கல்யாணம் நடந்தது.

திரும்பி வரும்போது இருமலோடு வந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். இருமல்காரருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றவர்களும் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்திருந்தீர்கள், நன்றி. கடைசி மாதங்களில் ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்த தெருக்காரர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

சிங்கப்பூரில் அண்ணனோடு ஒரே அறையில் இருந்த நண்பர் சாவுக்கு வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்தில் நின்றவர் அவர்தான். மூன்று வருடத்துக்குக் கையெழுத்து, இல்லையென்றால் அந்த வாரமே ஊருக்கு டிக்கெட் என்று பட்டறையில் அண்ணனுக்குச் சாயங்காலம் வரை கெடு கொடுத்திருந்தார்களாம். இருமல் அப்போதே தொடங்கிவிட்டதாம். வீட்டில் யாராவது ஒருத்தர் 'வந்துவிடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிவிடலாம் என்று நின்றாராம். மூன்றாவது முறையும் யாரும் எடுக்காததும் ரிசீவரை வைத்துவிட்டு, "வூட்ல ஆள் இருந்தா எடுக்காம இருப்பாங்களாடா" என்று நண்பரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனாராம்.

வீட்டில்தான் இருந்தோம், அண்ணா. மூன்று பேரும் இருந்தோம்.