சோறு வைக்கும் கை

ஓய்வு பெற்ற பட்டாளத்து நாய் ஒன்றை நன்னிலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு நான் ரயிலில் கூட்டிவந்தது ஒரு மாசி மாதம். அன்றைய நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'எடை இருபத்தாறு கிலோ. இடது காதில் பழைய வெட்டு, ஆறியிருக்கிறது. வழியில் மூன்று முறை தண்ணீர் குடித்தது. இரவு உணவு மிச்சமில்லை.'

பட்டாளத்தில் நாயைப் பழக்கி வேலை வாங்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். நாய் என்ன தின்றது, எவ்வளவு நடந்தது, எதைக் கண்டுபிடித்தது என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நாய் இல்லாத இரண்டு வருடமும் என் தூக்கத்தையும் வயலையும் பற்றி எழுதினேன்.

இது கறுப்பு லாப்ரடார், பெண். புதைத்து வைத்த வெடிமருந்தை மோப்பம் பிடிப்பது இதன் வேலை. பயிற்சி முடிந்து வந்த நாளிலிருந்து நான்கு வருடம் என்னோடுதான் இருந்தது. எல்லையில் சண்டை மூண்டபோது ஒவ்வொரு விடியற்காலையிலும் ரேஷன் லாரிகள் கிளம்புவதற்கு முன் நாங்கள் இருவரும் சாலையில் முன்னால் நடப்போம். மலைக்கு அந்தப் பக்கம் குண்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நாய் அதைப் பொருட்படுத்தாது, மூக்கைத் தரையில் வைத்தபடி போகும். வெடி இருக்கும் இடம் தெரிந்தால் குரைக்காது, தோண்டாது, அப்படியே உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் ஐந்து முறை உட்கார்ந்தது. ஐந்து முறையும் அங்கே வெடி இருந்தது. அது உட்காராமல் கடந்த சாலையில் ஒரு லாரிக்கும் ஒன்றும் நேரவில்லை. குளிரில் பதுங்குகுழிக்குள் ஒரே கம்பளியில் படுத்தோம். அது சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிட வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இன்னொரு விதியும் உண்டு. தன்னைப் பழக்கியவர் கையைத் தவிர வேறு யார் கையிலிருந்தும் நாய் உணவு வாங்கக் கூடாது. எதிரி விஷம் வைத்துவிடுவான் என்பதற்காக இதைக் குட்டியிலேயே பழக்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் இந்த ஒரு விதிதான் வினையாகிப் போனது.

முதலில் கோபித்துக்கொண்டவள் அடுத்த வீட்டில் இருக்கும் என் அக்கா. வந்த மறுநாளே முள்ளெடுத்த விரால் மீனைச் சோற்றில் பிசைந்து கொண்டுவந்தாள். நாய் ஒருமுறை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நாயோடும் பேசவில்லை.

அடுத்து வந்தவர் பெரிய வீட்டுத் தலைமையாசிரியர். ஒரு காலத்தில் எங்கள் தெருவே அவர்கள் நிலத்தில்தான் வேலை பார்த்தது. இப்போது நிலம் பல கைகளுக்குப் போய்விட்டது, அவர் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், அவர் மட்டும் இங்கே. சண்டையில் வேலை பார்த்த நாயைப் பார்க்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, ஒன்றை எடுத்து நீட்டினார். நாய் அவரைப் பார்த்தது, பிஸ்கட்டைப் பார்த்தது, பிறகு வைக்கோல் போரைப் பார்க்கத் தொடங்கியது.

"என்ன தம்பி, வாங்க மாட்டேங்குது?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா சொன்னாள்: "எங்க வீட்டு விராலயே வேணாம்னுடுச்சு சார். இந்த ஊர்ல யாரையும் அது தன் சாதியில சேக்கல."

அவர் சிரித்தார். நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. "உங்க அப்பாரு எங்க கொல்லையில கைய குவிச்சிக்கிட்டு நிப்பாரு, மேலேருந்து தண்ணி ஊத்துவாங்க. சின்னப்புள்ளயில நானே பாத்திருக்கேன். இப்ப நான் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறேன். இது மூஞ்சிய திருப்பிக்குது."

"அதெல்லாம் இல்லைங்க சார். விஷம் வச்சிருவாங்கன்னு பழக்கினது."

"புரியுது தம்பி. இருந்தாலும் சரியாத்தான் பழக்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அந்த பிஸ்கட்டைத் தானே தின்றார்.

நான் எவ்வளவு விளக்கியும் தெரு நம்பவில்லை. வைத்த சோற்றை வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீக்கடையில் நாய்க்குத் 'துரைசாணி' என்று பெயர் வைத்தார்கள்.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் முழங்கால்தான் அதை வேடிக்கையாக இருக்க விடவில்லை. மலையில் ஒருமுறை சறுக்கி விழுந்ததில் இடது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருந்தது. தஞ்சாவூரில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், இந்தக் காலோடு குறுவைக்குச் சேற்றில் இறங்கினால் பிறகு நடப்பதே கஷ்டம் என்றார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, அதன் பிறகு பல வாரம் குனியக் கூடாது, நாயோடு நடக்கக் கூடாது. இரண்டு முறை தேதி வாங்கினேன், இரண்டு முறையும் தள்ளிப்போட்டேன். இரண்டு நாளுக்கும் நாட்குறிப்பில் ஒரே வரி: 'நாயின் உணவுக்கு ஏற்பாடு ஆகவில்லை.'

சித்திரையில் கீழ்வேளூரில் ஒரு கல்யாணத்துக்கு ஒன்றரை நாள் போயிருந்தேன். அளவு, நேரம், பாத்திரம் எல்லாவற்றையும் எழுதி மனைவியிடம் கொடுத்திருந்தேன். அவள் மூன்று வேளை வைத்தாள். நாய் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. நான் வந்து வைத்ததும் வட்டிலை வழித்து நக்கித் தின்றது. கவலைப்பட்டேன் என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் என் கையை மட்டும் நம்புகிறதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததே, அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மனைவிக்கு அது தெரிந்திருந்தது. "சிரிக்கிறீங்களா? அது பட்டினி கெடந்து செத்தா அந்தப் பாவம் எனக்கு. நீங்க நடக்க முடியாம போனா அதுவும் எனக்கு" என்றாள்.

"அது பழக்கம். என்ன பண்ணச் சொல்ற?"

"நாய்மேல பழி போடாதீங்க. வந்த நாள்லேருந்து அந்தக் கயித்த ஒருதடவையாவது என் கையில குடுத்திருக்கீங்களா? வட்டில மட்டும் எங்கிட்ட நீட்டுறீங்க."

இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவனுக்கு இது தானாகத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்றபோது இதே நாயை மலைநாட்டுச் சிப்பாய்ப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். எங்கள் யூனிட்டில் அதற்கு மூன்று நாள். முதல் நாள் இருவரும் கயிற்றைச் சேர்ந்து பிடிக்க வேண்டும். இரண்டாம் நாள் புதியவர் பிடிப்பார், பழையவர் பின்னால் வருவார். மூன்றாம் நாள் புதியவர் தனியாக வேலை வாங்கி, தன் கையால் சோறு வைப்பார். அப்போது பழையவர் நடந்து போய்விட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். நாய் ஓய்வு பெற்றபோது அவனிடமிருந்து நான் அதைத் திரும்பப் பெற்றதும் இதே மூன்று நாளில்தான். நாயைப் பொறுத்தவரை வேலை கொடுக்கிற கைதான் சோறு கொடுக்கிற கை. வேலையை நானே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் மனைவியிடம் கொடுத்தால் அவளும் அதற்கு ஊராரில் ஒருத்திதான்.

மூன்றாம் முறையாக டாக்டரிடம் தேதி வாங்கினேன். ஒப்படைப்பின் மூன்றாம் நாளும் நான் கிளம்பும் நாளும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

வேலை என்றால் தேடுவதற்கு ஏதாவது வேண்டும். கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டு போடுபவரிடம் போய், மருந்து கெட்டிக்கும் இரும்புக் குழாயைத் துடைத்த துணி ஒன்று கேட்டேன்.

"துணி போதுமா? மருந்தே கொஞ்சம் தரவா?" என்றார்.

"வேண்டாங்க. வாசனை போதும்."

"திருவிழா அன்னிக்கு உங்க நாய் என் பக்கத்துல வந்து உக்காந்துச்சே. சாமி கும்பிடுதுன்னு ஒரு அம்மா அது நெத்தியில விபூதி பூசிவிட்டாங்க. அப்ப அது என்னையத்தான் புடிச்சுக் குடுத்துச்சா?"

ஆமாம் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. துணியை அவரே ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் மனைவியும் நானும் கயிற்றைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து நடந்ததில்லை. உளுந்து எடுத்த வயல் காய்ந்து கிடந்தது. "தேடு" என்பதற்கு "டூண்டோ" என்று சொல்ல வேண்டும், சாப்பிடச் சொல்வதற்கு "காவோ" என்று சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

"இந்தியிலதான் சொல்லணுமா?"

"அதுக்கு அதான் தெரியும்."

"எங்கப்பா இந்தி வேணாம்னு போராடி ரெண்டு நாள் உள்ள இருந்தாரு. நான் ஒரு நாய்க்காகப் படிக்கணும்" என்றாள். பிறகு நாயைப் பார்த்து, நன்னிலம் சந்தையில் கத்திரிக்காய் விலை கேட்கும் குரலில் "டூண்டோ" என்றாள். நாய் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் நாளும் என்னைப் பார்த்தது, ஆனால் ஒரே முறை.

மூன்றாம் நாள் காலை டப்பாவை நானே ஒளித்துவைத்தேன். எங்கே என்று மனைவிக்குச் சொல்லவில்லை. நாய் சொல்வதை அவள் நம்ப வேண்டும், அதுதான் பாடம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருபது அடி பின்னால் நின்றேன். தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

வைக்கோல் போரில்தான் இருக்கும் என்று மனைவி தீர்மானித்திருந்தாள் போலிருக்கிறது. நாயை நேராக அங்கே இழுத்துப் போனாள். பாதி வழியில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் நாய் உட்கார்ந்தது.

"எந்திரிடி. அங்க ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் வா."

நாய் எழுந்திருக்கவில்லை. அவள் கயிற்றை இழுத்தாள். கழுத்துப் பட்டை காதுவரை ஏறியது, நாய் அப்படியே இருந்தது. சாலையில் என் பின்னால் ஒரு லாரிக் கான்வாயே நிற்கும்போதும் அது இப்படித்தான் இருக்கும். என் வாய்வரை வார்த்தை வந்தது. பேசக் கூடாது என்று நின்றேன்.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். நாயின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "இங்கதான்னு சொல்றியா?" என்று தமிழில் கேட்டாள். பிறகு முட்டி போட்டு மதகின் செங்கல் இடுக்கில் கையை விட்டாள். டப்பா அகப்பட்டதும் சின்னப் பெண் மாதிரி ஒரு சத்தம் போட்டாள். கயிற்றை விட்டுவிட்டு, கண்டுபிடித்ததற்குப் பரிசாக இடுப்பில் செருகியிருந்த ரப்பர் பந்தை எடுத்து வீசினாள். எட்டு வயது நாய் குட்டியைப் போல அதன் பின்னால் ஓடியது.

வரப்போரம் மூடி வைத்திருந்த சோற்று வட்டிலை எடுத்துத் தரையில் வைத்து, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "காவோ" என்றாள். நாய் சோற்றைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு தலையை என் பக்கம் திருப்பத் தொடங்கியது.

அதன் கண் என்மேல் படுவதற்குள் நான் திரும்பிவிட்டேன். பஸ் நிறுத்தம்வரை முட்டி வலித்தது, திரும்பிப் பார்க்கவில்லை. தின்றதா இல்லையா என்று தெரியாமல்தான் பஸ் ஏறினேன். தஞ்சாவூரில் வேலை பார்க்கும் மகன் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தான். அம்மாவிடம் போனில் கேட்டுச் சொல்லட்டுமா என்றான். வேண்டாம், நோட்டில் எழுதியிருப்பாள் என்றேன்.

ஐந்து நாள் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்ததும் முதலில் நோட்டைத்தான் எடுத்தேன். எடை, அளவு, நடை, மலம் என்று நான் கோடு போட்டு வைத்திருந்த கட்டங்கள் எல்லாம் காலி. கட்டங்களுக்குக் குறுக்கே மனைவி எழுதியிருந்தாள்: 'நீங்க போனதும் கொஞ்ச நேரம் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் தின்னுச்சு. மிச்சம் இல்ல. அஞ்சு நாளும் அப்படித்தான். இதுக்கு மேல எழுத எனக்கு நேரம் இல்ல.'

நாய் என்னிடம் வந்து காலை மோந்தது, முட்டியில் சுற்றியிருந்த துணிக்கட்டை மோந்தது, வாலை ஆட்டியது. பையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து நீட்டினேன். அது ரொட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி, அடுப்படி வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது: "வாடா தம்பி, இப்பத்தான் எங்களோட சேந்திருக்க."

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் என்னைக் காக்க வைத்தாள். பிறகு நாயைப் பார்த்து "காவோ" என்றாள். நாய் ரொட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டது.

அன்று இரவு அவள் எழுதியதற்குக் கீழே நான் ஒரே வரிதான் எழுதினேன்: 'ஒப்படைப்பு சரியாக நடந்திருக்கிறது.' தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.