படத்தில் மூன்றாமவர்

மட்டாஞ்சேரி மைதீன் பிச்சை, கொச்சி விமானத்தளத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2004இல் ஒருநாள், இன்டர்நெட் கடை நடத்திய மருமகள் லுப்னா, பழைய போர்விமானப் படங்களைச் சேர்த்துவைக்கும் இணையதளம் ஒன்றைக் காட்டினாள். ஒரு படத்தில் அவரே நின்றார். விமானிக்கு மட்டும் பெயர் போட்டிருந்தார்கள். மற்ற மூவருக்கும் இல்லை.

தன் பெயரையும், பக்கத்தில் நின்ற சக ஃபிட்டர் தங்கையாவின் பெயரையும் சொல்லி, லுப்னாவைத் தளத்துக்கு எழுதவைத்தார். மூன்றாமவரை எல்லோரும் ‘கொம்பன்’ என்றே கூப்பிட்டதால் சொந்தப் பெயர் தெரியவில்லை.

“ஒருத்தர் பேரில்லாம இருந்தா என்ன மாமா?”

“அவன் பெட்ரோல் வண்டி கொண்டாரலைன்னா விமானம் எப்படிம்மா பறக்கும்?”

மறுநாள் படத்தை அச்செடுத்துக்கொண்டு கொம்பனின் ஊரான வைப்பினுக்குப் படகேறினார். விசாரித்துக் கண்டுபிடித்த வீட்டில் கொம்பனின் மனைவி மேரி மட்டும் இருந்தாள். அவர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது.

“ஔசேப்பு,” என்று பெயரைச் சொல்லிவிட்டு, அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தச் சிரிப்பு ஞான் வீட்டில கண்டதே இல்லை, சேட்டா.”

மைதீன் பிச்சை படத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தார். அந்த வாரமே மூன்று பெயர்களும் இணையதளத்தில் ஏறின.