எதை வைத்துக் கட்டுவது

டெல்லி ஓக்லாவில் வெப்சைட் செய்து தரும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜனக்புரியில் நான் மெட்ரோ ஏறினால், ஆர்.கே.புரத்தில் அவன் ஏறுவான். என் டீமில் என்னைத் தவிர இருந்த ஒரே டெவலப்பர். அவன் அப்பா மத்திய அரசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் டெல்லியிலேயே என்பதால் தமிழ் பேசுவான், படிக்கத் திணறுவான். என்னை இந்திக்காரர்கள் மாதிரி ‘தீதி’ என்பான். அக்கா என்று கூப்பிடேன் என்றால், “அக்கா வீட்ல ஒருத்தி இருக்கா, தினமும் சண்டை. நீங்க தீதியாவே இருங்க” என்பான்.

சண்டை எங்களுக்குள்ளும் உண்டு. எதை வைத்து வெப்சைட் கட்டுவது என்பதில்தான். எனக்கு எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். ஒரு சாதாரண எடிட்டர், ஒரு பிரவுசர், அதற்குமேல் எதுவும் வேண்டாம். பக்கம் இலேசாக இருக்கும், எந்த போனிலும் திறக்கும். அவனுக்குப் பிடித்தது பாதி வேலையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் ஒரு பெரிய ஃப்ரேம்வொர்க். அதில் செய்த பக்கங்கள் அழகாக வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் கனம்.

“இன்னும் எவ்ளோ நாள் வரிவரியா எழுதிட்டு இருப்பீங்க தீதி? உலகமே அங்க போயாச்சு.”

“உன் பேஜ் திறக்கறதுக்குள்ள ரெண்டு ஸ்டேஷன் போயிடுதே.”

“அது டனல். நெட்வொர்க் இல்ல.”

“ஜனங்க டனல்லயும் போன் பார்ப்பாங்கடா.”

இப்படியே ஓக்லா வரை போகும். வேறு எதைப் பற்றியும் நான் யாரிடமும் இவ்வளவு ஆசையோடு வாதாடியதில்லை.

ஒருநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு கருவியில் வேலை செய்தால் கம்பெனிக்குச் சரிப்படாது, இரண்டு பேரும் பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள் என்றார். அப்போது ஒரு சின்னக் கண் மருத்துவமனைக்கு வெப்சைட் செய்யும் வேலை வந்திருந்தது. அதையே ஆளுக்கொரு விதமாகச் செய்துபார்த்து எது மேல் என்று சொல்லச் சொன்னார்.

செய்தோம். அவனுடையதுதான் அழகு. நானே ஒத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மெட்ரோவில் ஏறியவன் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான்.

“அம்மாவோட பழைய போன்ல போட்டுப் பார்த்தேன் தீதி. என்னோடது வெள்ளையாவே நிக்குது. உங்களோடது வந்துடுது.”

“அதனால?”

“அதனால என்ன, உங்களோடதுதான். நான் சண்டை போடல.”

அதன்பிறகு இருவரும் சேர்ந்து ஒரே வெப்சைட்டைச் செய்தோம். கண் சரியாகத் தெரியாதவர்கள் வரப்போகும் பக்கம் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கினான். டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கும் பட்டன் எந்த நிறத்தில் இருந்தால் புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும் என்று தேடித் தேடிப் படித்தான். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பான். இந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்றால் அவைதான்.

முடிவைச் சொல்ல மேனேஜரின் அறைக்குப் போனோம். பொறுமையாகக் கேட்டார். அவன் இந்தியில் விளக்கமாகச் சொல்லி முடித்ததும், “அச்சா” என்றுவிட்டுத் தன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். அதிலும் அதே கண் மருத்துவமனையின் வெப்சைட். நான்கு வரி தட்டினேன், ஏஐ செய்து கொடுத்துவிட்டது என்றார். முதல் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டர் சிரித்தார். அப்படி ஒருவர் அந்த மருத்துவமனையில் இல்லை, உலகத்திலேயே இல்லை.

“எழுத்து சின்னதாக இருக்கிறது சார். கண் தெரியாதவர்கள் பார்க்கும் பக்கம்” என்று அவன் இந்தியில் சொன்னான்.

“பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.”

“இந்த டாக்டர் நிஜம் இல்லையே?” என்றேன்.

“நிஜ டாக்டருக்கு இவ்வளவு நல்ல சிரிப்பு கிடையாது.” மேனேஜரும் சிரித்தார். மருத்துவமனைக்காரர்கள் முந்தின நாளே பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். நாங்கள் செய்ததை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். நான் எழுதிய பழைய பக்கங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான். இப்போது யாரும் எழுதாத பக்கங்களையும் நான்தான் சரிசெய்கிறேன். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்க எதிரே யாரும் இல்லை.

அவன் ஊரெல்லாம் இண்டர்வியூ போனான். ஓரிடத்தில் உங்களுக்குப் பிடித்த கருவி எது என்று கேட்டிருக்கிறார்கள். அவன் நாங்கள் சேர்ந்து செய்த கண் மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்து காட்டி, உற்சாகமாகப் பேசியிருக்கிறான். எதிரில் இருந்த பையன் நடுவிலேயே போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டானாம்.

“கேள்வி ஃபார்ம்ல இருக்கு, அதனால கேட்டான் தீதி. பதில் அவனுக்கு வேண்டாம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் கோயிலில் அவனைப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. மத்திய அரசு கிளார்க் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொன்னான். வயது வரம்பு முடிய ஒரு தடவைதான் பாக்கி.

“அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். காலேஜ் முடிச்சப்பவே சொன்னேனே கேட்டியா, அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தாகூட பரவால்ல.”

“நம்ம வேலைல ஏதாவது எழுதறயா?”

“எடிட்டர், அது இதுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். கோச்சிங் வீடியோ போட லேப்டாப்ல இடம் வேணும்.”

அவன் முகத்தில் வருத்தம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பிரசாதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பரீட்சை முடிவு வந்த அன்று மத்தியானம் போன் செய்தான்.

“என் பேர் வரல தீதி.”

சரி என்றேன். பின்னால் அவன் வீட்டு டிவியில் இந்திச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“ஆஃபீஸ்ல இப்ப எதுல பண்றீங்க?” என்று கேட்டான்.

புது ஏஐ கருவியின் பெயரைச் சொன்னேன். போன வாரம் வந்தது, அதற்கு முன்னால் இருந்ததை நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. நல்லதா கெட்டதா என்று கேட்பான் என்று காத்திருந்தேன்.

“அச்சா” என்றான்.