பன்னிரண்டு சொல்லும் ஒரு வக்கீல் நோட்டீசும்

என் வீட்டுக்காரர் இங்கிலீஷைத் தமிழில்தான் எழுதுவார். சிம்மக்கல்லில் பெயிண்ட் மொத்த வியாபாரம். அவருடைய குறிப்பு நோட்டைப் புரட்டினால் ஐவரி, ஸ்கை புளூ, பிரைமர், தின்னர் எல்லாம் தமிழ் எழுத்தில் கைகட்டி நிற்கும். "இங்கிலீஷை இங்கிலீஷ்லயே எழுதித் தொலைச்சா என்ன?" என்று கேட்டால், "நான் எழுதுறத நான்தான படிக்கப் போறேன், ஒனக்கென்ன நோவு?" என்பார். நானோ நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் தமிழ் டீச்சர். அவரைத் திருத்த முடியவில்லை, விட்டுவிட்டேன்.

அவர் இறந்து எட்டு மாதம் ஆனபோது பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் தன் நகையை விற்று, அந்தப் பணத்தை அண்ணனிடம் கொடுத்திருந்தாள். அவர் அப்போது போனில் கிரிப்டோ என்கிற இணையக் காசு வாங்கி விற்கப் பழகியிருந்தார். "என் பேருல வேணாம்ணே, எனக்கு அதெல்லாம் தெரியாது, நீங்களே வாங்கி வைங்க" என்று சொன்னவள் அவள்தான். அண்ணன் தங்கைக்குள் சீட்டு ஏது, சாட்சி ஏது? இப்போது அந்தப் பணம் எங்கே என்று கேட்டிருந்தாள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் நோட்டீசில் 'மோசடி செய்யும் உள்நோக்கத்துடன்' என்று ஒரு வரி இருந்தது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் போலீசில் புகார் என்றும் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த மனுஷன் எழுந்து வந்தா பதில் சொல்லுவார்? போனை எடுத்து அவளை நாலு வாங்கு வாங்கினேன். அவளும் விடவில்லை. "நான் அண்ணனச் சொல்லல மதினி. காசு எங்க போச்சுன்னு ஒங்களக் கேக்கேன்" என்றாள். அதாவது நான் அமுக்கிவிட்டேன் என்று அர்த்தம். அதோடு பேச்சு நின்றது.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலம்மா இருந்தார். நிதானமான பெண்மணி. அவரிடம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் அந்தக் கிரிப்டோ கம்பெனிக்கு எழுதி, கணவரின் கணக்கு விவரத்தை வரவழைத்தார். வந்த தாளை வரி வரியாகப் படித்தேன். அவருடைய சொந்தக் காசுகளை எல்லாம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் விற்றிருந்தார். கணக்கில் பாக்கி ஒன்றுமில்லை. தங்கை பணம் கொடுத்த மறுநாள் வாங்கிய காசு மட்டும் விற்கப்படவில்லை. அன்றைக்கே வேறு ஏதோ ஒரு முகவரிக்குப் போயிருந்தது. முகவரி என்றால் தெருவும் கதவு எண்ணும் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்.

"இது யாரோடது?" என்றேன்.

"அதான் டீச்சர் கேள்வியே. அவரோடதாவும் இருக்கலாம், வேற யாருக்காவது அனுப்பியிருக்கவும் செய்யலாம். அவங்க வக்கீல் இந்தத் தாளைப் பாத்தா, 'பாருங்க, வாங்குன அன்னைக்கே யாருக்கோ தள்ளிவிட்டுட்டார்'னு சொல்லுவார்."

"வாரிசுச் சான்றிதழ் இருக்கே?"

"யார்கிட்டப் போய் நீட்டுவீங்க? பேங்குன்னா மேனேஜர் இருப்பார். இந்த முகவரி பூட்டுன பெட்டி மாதிரி, இதுக்கு ஆபீசும் கிடையாது, ஆளும் கிடையாது. சட்டம் இதச் சொத்துன்னு ஒத்துக்குது, வித்தா வரியும் கறாராக் கேக்குது. ஆனா பூட்டத் தொறந்து குடுக்க யாருமில்ல. அவரோட பெட்டிதான்னு நிரூபிக்கணும்னா, அதத் தொறக்குற பன்னெண்டு வார்த்தை வேணும். எங்கயாவது எழுதி வச்சிருந்தாரா?"

அவருடைய போன் இருந்திருந்தால் வேலை சுலபம். அந்தப் போனை நான்தான் கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்து, என் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். என் தலையில் நானே அள்ளிப் போட்ட மண். அன்று பஸ்ஸில் வரும்போது யாராவது என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட அறைந்திருப்பேன்.

வார்த்தைகள் கிடைத்தன. பெயிண்ட் கம்பெனி கொடுத்த ஒரு கலர் அட்டையின் பின்பக்கம், ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, அழகாக, தமிழில் எழுதியிருந்தார். பார்த்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்தச் சொற்கள் எல்லாம் இங்கிலீஷ் பட்டியல் ஒன்றிலிருந்து வருபவை, எழுத்து மாறாமல் அடிக்க வேண்டும். தமிழில் ka-வுக்கும் ga-வுக்கும் ஒரே எழுத்து, ta-வுக்கும் da-வுக்கும் ஒரே எழுத்து. 'கேட்' என்றால் கதவா, பூனையா? 'கோட்' என்றால் ஆடா, ரகசியக் குறியீடா? 'சீட்' இருக்கையா, விதையா? ஏழு சொல் இப்படிக் குழப்பின. சில சொல்லுக்கு மூன்று அர்த்தம் இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் போனில் மாற்றி மாற்றி அடித்தேன். ஒவ்வொரு தடவையும் தப்பு என்று சிவப்பாக வரும். இணையத்தில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள், வார்த்தைகளை அனுப்பினால் திறந்து தருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். வக்கீலம்மா கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "டீச்சர், அந்த வார்த்தையக் குடுத்தா பெட்டியவே குடுத்த மாதிரி. யாருக்கும் அனுப்பாதீங்க."

கெடு நெருங்கியது. வக்கீலம்மா பதில் எழுதுவதற்கு முன் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்றார். எனக்கு இஷ்டமில்லை. மரியாதைக்காக ஒத்துக்கொண்டேன்.

நாத்தனார் தனியாகத்தான் வந்தாள். எட்டு மாதத்தில் பாதியாகிப் போயிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வக்கீலம்மாவைப் பார்த்தே பேசினாள். வக்கீலம்மா கணக்குத் தாளைக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு கலர் அட்டையை அவள் முன்னால் வைத்து, "இதப் படிக்கத்தான் டீச்சர் இம்புட்டு நாளாத் தவிக்கிறாங்க" என்றார்.

அண்ணன் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். 'கேட்' வந்ததும் நின்றாள்.

"இது என்னது?"

"வாசல் கேட்டுதான். வேற என்ன?" என்றேன் வெடுக்கென்று.

"அண்ணே என்னைக்கு 'கேட்'னு சொல்லுச்சு? 'கேட்டச் சாத்து, கேட்டத் தொற'ன்னுதான சொல்லும். வாசல்னா 'கேட்டு'ன்னுல்ல எழுதிருக்கும்? பஸ்ஸுல எடம் போடச் சொன்னாக் கூட 'சீட்டு'ன்னுதான் சொல்லும். பாருங்க, இந்தா, ரோட்ட 'ரோடு'ன்னே எழுதிருக்கு, பஸ்ஸ 'பஸ்ஸு'ன்னு எழுதிருக்கு."

எனக்குச் சுரீரென்றது. குற்றியலுகரத்தைக் கரும்பலகையில் போட்டுப் போட்டுக் கை தேய்ந்தவள் நான். என் கண்ணில் இது படவில்லை! தினமும் வாயில் புழங்கி நம்ம சொல்லாகிப் போனதற்கெல்லாம் அவர் கடைசியில் உகரம் போட்டிருந்தார். திரையில் பார்த்துப் புதிதாக எழுதியதற்கு மட்டும் புள்ளி வைத்து நிறுத்தியிருந்தார். அப்படியென்றால் 'கேட்' கதவில்லை, பூனை. 'சீட்' இருக்கையில்லை, விதை. 'கோட்' குறியீடு இல்லை, ஆடு. அவரோடு குடித்தனம் நடத்திய எனக்கு அவருடைய எழுத்து தெரிந்தது. அவரோடு வளர்ந்தவளுக்கு அவருடைய வாய் தெரிந்தது.

"ஏ தாயி, நீ நல்லா இருப்ப" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன். சண்டை ஞாபகமே இல்லை.

நாலு சொல் அப்படித் தீர்ந்தது. மிச்சம் மூன்றை மாற்றி மாற்றி அடித்தோம். ஆறாவது தடவை சிவப்பு வரவில்லை. பெட்டி திறந்தது. அதன் முகவரி, எழுத்து பிசகாமல் கணக்குத் தாளில் இருந்த அதே கிறுக்கல். உள்ளே ஒரே ஒரு வரவு, தங்கை பணம் கொடுத்த மறுநாள். அதற்குப் பிறகு போனதாக ஒன்றுமே இல்லை. விலையும் அவள் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது.

வக்கீலம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்ல வேண்டியது தன் கடமை என்று ஒன்று சொன்னார். எழுத்து மூலமாக எதுவும் இல்லாததால், சட்டத்தின் பார்வையில் முதலில் இது இறந்தவரின் சொத்து, வாரிசு நான். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். நான் யோசிக்கவேயில்லை. "இது அவ காசும்மா. மாத்திக் குடுக்க என்ன எழுதணுமோ எழுதுங்க, வரி என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாய்த்ததே என்று இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன்.

நாத்தனார் கணக்குத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய காசுகள் ஒவ்வொன்றாக விற்ற தேதிகளின் மேல் அவள் விரல் போனது. எல்லாம் ஆஸ்பத்திரித் தேதிகள். என் வளையலை அடகு வைத்ததும் அந்த நாட்களில்தான். "வேற ஒண்ணுமே இல்லையாங்க?" என்று அவர் கட்டிலருகே நின்று நான் அழுதபோது, "இல்லம்மா, இருந்ததெல்லாம் போட்டாச்சு" என்றார். பாவி மனுஷன், தங்கை காசு தொடாமல் இருப்பதை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தாளைக் கீழே வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மதினி, இத எடுத்துச் செலவழிச்சிருந்தா அண்ணே பொழச்சிருக்குமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல? பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி எம்புட்டுக் காசு கொட்டினாலும் ஆகாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னபோது அவரை நான் சபித்தேன். அவர் அன்று அப்படி உடைத்துச் சொல்லாமல் போயிருந்தால், இப்போது நான் இவளுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"இல்ல தாயி" என்றேன். "சத்தியமா இல்ல."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.