எட்டு கிலோ நானூறு

என் குறிப்பேட்டில் டைனமோமீட்டரைப் பற்றிய முதல் வரி, தைப்பூசம் முடிந்த வாரத்துச் சனிக்கிழமையில் இருக்கிறது: ‘விலை விசாரித்தேன். நாமே கட்டிக்கொள்வோம்.’ எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிய நாள்கூட அதில் இருக்கும்.

டைனமோமீட்டர் என்பது எஞ்சினின் பலத்தை அளக்கும் கருவி. அது எங்களுக்குத் தேவைப்பட்டது என் மனைவியால். அவள் வேலை செய்யும் கிளினிக்கில் ஒருமுறை எல்லோரையும் குடும்பத்தோடு பினாங்குப் பாலத்துக்கு அப்பால், கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டும் ஒரு தடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னிடம் வந்து, “இன்னொரு ரவுண்டுக்கு டிக்கெட் எடுங்க” என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

மறு வருடம் ஒரு பழைய கார்ட் வாங்கினோம். அதனுடன் வந்த எஞ்சின் ஓடாது. ஒரு மழை மாதம் முழுக்க அதை அடுப்படித் தரையில் நாளிதழ் விரித்துப் பிரித்துப்போட்டு, போல்ட்டுகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவளே பூட்டினாள். ஓடியது. பிறகு ஆசைப்பட்டு நான் ஒரு எஞ்சின் வாங்கினேன், முந்தையவர் அதிகம் ஓட்டாதது. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஸ்டோர் அறையில் ஒரு கார்ட்டும் ஒரு எஞ்சினும்தான் அடங்கும். எது பலமோ அது இருக்கட்டும், மற்றதை விற்றுவிடலாம் என்றேன்.

“அளந்து பாத்துட்டு சொல்லுங்க. அது வரைக்கும் வாயத் தொறக்காதீங்க” என்றாள்.

பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர் இடம் கொடுத்தார். பழைய இரும்புக் கட்டிலை அறுத்துச் சட்டம் செய்தோம். அதன்மேல் ஒரு கார்ட் அச்சு, கழித்துப்போட்ட காரின் பிரேக், பிரேக்கிலிருந்து அரை மீட்டருக்கு நீளும் ஓர் இரும்புக் கை. கையின் நுனி, மீன் கடையில் வைத்திருப்பதைப் போன்ற மின்தராசின்மேல் அழுந்தும். எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கி, பிரேக் பிடித்து, எப்போதும் ஒரே சுழற்சி வேகத்தில் நிலைநிறுத்தவேண்டும். பிரேக்கோடு எஞ்சின் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ, அவ்வளவு கிலோ தராசில் தெரியும்.

முதல் நாள் பட்டறைக்காரர் அச்சுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் ஏற்றினார். நான் பெட்ரோல் டின்னைத் தூரமாக நகர்த்தினேன். என் எஞ்சின் எட்டு கிலோ எண்ணூறு காட்டியது.

“அண்ணே, இந்த சைஸ் தெங்கிரி மீனு இப்ப பசார்லயே இல்லலா” என்றார்.

ஆறு சனிக்கிழமைகள் அளந்தோம். காலையில் எட்டு மணிக்கெல்லாம் போய் என் எஞ்சினை ஓட்டிவிடுவேன். அவளுக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. “நான் வராம என் எஞ்சினத் தொடாதீங்க” என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். ஒரு மணிக்குமேல் கிளினிக் சீருடையோடு, சூலியா தெருவில் வாங்கிய நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு வருவாள். மூவரும் சாப்பிடுவோம். அதன்பிறகு அவள் எஞ்சினை ஏற்றுவோம்.

எட்டு கிலோ நானூறு. கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டு வந்தாள், எட்டு நானூறு. பிளக் மாற்றினாள், எட்டு நானூற்றுப் பத்து. ஆறாவது வாரம் தராசைப் பார்த்துவிட்டு, “சரி, பேச்சுன்னா பேச்சுதான்” என்று கையைத் துடைத்தாள். அக்கரையில் கூலிம் ஊரிலிருந்து ஒருவர் அடுத்த ஞாயிறு மதியம் வந்து அவள் எஞ்சினைப் பார்ப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின சனிக்கிழமை, மாலைத் திருப்பலி முடிந்து வந்ததும் எஞ்சினைத் துடைத்துவைத்தாள். என்னென்ன பாகம் எப்போது மாற்றியது என்று வாங்குபவருக்கு எழுதிக்கொடுக்க என் குறிப்பேட்டைக் கேட்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“என்னங்க, தேதி இருக்கு, கிழமை இருக்கு, பெட்ரோல் எங்க அடிச்சதுன்னுகூட இருக்கு. எத்தன மணின்னு காணோமே?”

“மணி எதுக்கு?”

“உங்களுது எப்பவும் காலைல. என்னுது எப்பவும் மத்தியானம்.”

எனக்கு முகம் சூடேறியது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதைச் சுவாசிக்கும் எஞ்சினுக்குப் பலமும் குறையும், எனவே அளக்கும்போது காற்றின் வெப்பத்தையும் குறிக்கவேண்டும் என்று நான் படித்திருந்தேன். அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆனால் அது குளிர்காலமும் கோடைகாலமும் உள்ள நாடுகளுக்கான விஷயம், பினாங்கில் பன்னிரண்டு மாதமும் ஒரே வெயில்தானே என்று விட்டுவிட்டேன். காலை எட்டு மணிக்குக் கதவு முழுதும் திறந்திருக்கும் அதே பட்டறையில், இரண்டு மணிக்குத் தகரக் கூரை கொதிக்கும். அக்கம்பக்கத்தார் தூங்கும் நேரம் என்று கதவையும் பாதி இறக்கியிருப்போம்.

“தப்பு பண்ணிட்டேன்” என்றேன்.

“தெரியுது. நாளைக்கு ஏழரைக்குப் பட்டறையத் தொறப்பாரான்னு கேளுங்க.”

திறந்தார், கொட்டாவி விட்டபடி. “ஞாயித்துக்கிழமையும் விடமாட்டீங்களா அண்ணே?”

அவள் எஞ்சினை முதலில் ஏற்றினோம். எட்டு கிலோ எண்ணூற்று இருபது. அவள் தராசைக் குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு என்னுடையது, எட்டு எண்ணூறு. மாற்றி மாற்றி ஏற்றி மூன்று முறை அளந்தோம். வெயில் ஏற ஏற இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் இறங்கின.

“அக்கா, நீங்க இருபது கிராம் கூட!”

“இருபது கிராம மீன்காரரே கணக்குல சேக்க மாட்டாரு” என்று சிரித்தாள். அது உண்மைதான். தராசின் நடுக்கமே அதைவிட அதிகம்.

“அப்ப எதை விக்கிறது? ஆளு வந்துகிட்டு இருக்காரு” என்றார் பட்டறைக்காரர்.

சமமாக வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசிவைக்கவில்லை. அவள் என்னைக் கேட்கவும் இல்லை. தன் எஞ்சினின்மேல் ஒரு கையை வைத்தவள், சுட்டதும் எடுத்துக்கொண்டாள். என் எஞ்சினை நான் விற்பதற்கென்று தனியே எடுத்துவைத்தேன், அவ்வளவுதான். கூலிம்காரருக்குப் போன் செய்து, விற்பது வேறு எஞ்சின், பலம் ஒன்றுதான், ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன்.

அவர் வந்து சேரும்போது மணி ஒன்றே முக்கால். ஓட்டிக் காட்டினேன். எட்டு கிலோ நானூறு. பட்டறைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் குறிப்பேட்டைத் திறந்து, காலைக் கணக்கைக் காட்டி, விஷயத்தை முழுதாகச் சொன்னேன். வந்தவர் கேட்டுவிட்டு, “அப்ப நான் காலைலேயே ஓட்டிக்கிறேன் அண்ணே” என்று எஞ்சினை வண்டியில் ஏற்றினார்.

அன்று மாலை குறிப்பேட்டில் மணிக்கென ஒரு கோடு கிழித்துப் பழைய பக்கங்களையும் நிரப்பினேன். என் எஞ்சினுக்கு எட்டிலிருந்து பத்துக்குள் என்று உத்தேசமாகத்தான் எழுத முடிந்தது. அவளுடையதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை: சாப்பாட்டுக்கு அப்புறம், ஆறு சனிக்கிழமையும்.

ஸ்டோர் அறையில் எஞ்சினை வைத்துக்கொண்டிருந்தவள், “தேதி போட்டாச்சா?” என்று குரல் கொடுத்தாள்.

“மணியும் போட்டாச்சு” என்றேன்.