அரிப்பு என்ற நல்ல சேதி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மயிலாப்பூர் மாட வீதியில் பூ கட்டி விற்றார். நான் டாக்டர் படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் தோல் வியாதிப் பகுதியில் சேர்ந்தபோது, தோலுக்கென்று தனியாக ஒரு டாக்டர் எதற்கு என்று கேட்டார். எனக்கே சரியான பதில் தெரியவில்லை. சாந்தோம் குப்பத்திலிருந்து அந்தக் கட்டுமரக்காரர் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் வந்தார் என்பதைவிட, அவர் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதே சரி. மீன் விற்கிற அம்மாள், பேச்செல்லாம் அவருடையது. கணவரின் முதுகிலும் இடுப்பிலும் தொடையிலும் செம்பழுப்பாகத் தடித்த படைகள். சில, பிறை நிலாவைப் போல வளைந்திருந்தன. பல வருஷமாக இருக்கிறதாம். இப்போதுதான் குப்பத்தில் யாரோ அது குஷ்டம் என்று கிளப்பிவிட்டார்கள். கூடக் கடலுக்குப் போகிறவர்கள் அவரோடு கட்டுமரம் ஏற யோசித்தார்கள்.

அதைவிடப் பெரிய கவலை மகளின் கல்யாணம். அவர்கள் கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சபைக்கு முன் வாசிப்பார்கள். தடை இருந்தால் யாரும் சொல்லலாம். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மூன்றாவதை வாசித்தால் போதும் என்று மாப்பிள்ளையின் அப்பா நிறுத்தி வைத்துவிட்டார்.

குஷ்டத் திட்டுகளில் உணர்ச்சி மங்கிப்போகும். அதனால் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் ஒவ்வொரு படையையும் தொட்டேன். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். தொடத் தொட, "தெரியுது" என்றார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. நடுவில் வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தேன். "தெரியுது" என்றார். சும்மா நின்றேன். "தெரியுது. இப்பவும் தெரியுது" என்றார்.

கூட நின்றிருந்த எங்கள் பெரிய டாக்டர் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. உணர்ச்சி உள்ளவன் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்பது அவர் கேள்வி. தோலைக் கீறி எடுத்துப் பார்த்ததில் குஷ்டக் கிருமி தென்படவில்லை. அதை மட்டும் வைத்து இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அவரைக் குஷ்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வந்தது.

இன்னும் ஒரு முறை பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு கண்ணாடிக் குழாயில் சுடுநீரும் குளிர்ந்த நீரும் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை தெரிகிறதா என்று கேட்கவில்லை. சூடா, குளிர்ச்சியா என்று கேட்டேன். இதில் தெரியுது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. "சூடு. சில்லுனு கீது. சூடு. சூடு." ஒன்றுகூடத் தப்பவில்லை.

இடுப்பிலிருந்த பெரிய படையில் சூட்டை வைத்தபோது அவர் பல்லைக் கடித்தார். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கால் விரல்கள் சுருண்டன. சுட்டுவிட்டதோ என்று பயந்து கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"யோவ், கை அங்க போச்சு, அவ்ளோதான்" என்றார் மனைவி, மெதுவாக.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. பெஞ்சை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பரபரவென்று சொறிந்தார். கண் தானாகச் சொருகிப்போயிற்று. அந்த அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"காலைலேந்து சொல்லிக்கினே வந்தேன் நைனா. எங்க தொட்டாலும் தெரியுதுன்னு சொல்லு, சொறிய மட்டும் சொறியாதேன்னு. சொறிஞ்சா அதுதான்னு எழுதிடுவீங்களே."

"அந்த வியாதின்னா இந்த மாதிரி அரிக்காதும்மா. அரிக்கிறது நல்லதுதான்."

"இன்னா சொல்ற நைனா?" என்று என்னைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "அப்ப நல்லா சொறியேன்யா. இன்னாத்துக்கு நிறுத்திட்ட?"

அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியான அரிப்பை வீட்டிலிருந்தே கட்டிப்போட்டு அழைத்து வந்திருந்தார்கள்.

பிறகு பட்டாணி அளவு தோலை வெட்டியெடுத்து, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றினோம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். குஷ்டத்தில் நரம்புகளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருக்கும்; இங்கே அப்படி எந்தக் கூட்டமும் இல்லை. நீலமாக உருண்டை உருண்டையான செல்கள் மேல்தோலுக்கு அடியில் பட்டையாக நின்றன. சில மேல்தோலுக்குள்ளேயே ஏறி, சின்னச் சின்னக் கூடு கட்டியிருந்தன. பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கித் தட்டினார். மைகோஸிஸ் ஃபங்காய்டிஸ். முற்றினால் காளான் மாதிரி கட்டிகள் எழும் என்பதால் யாரோ வைத்த பெயர். காளானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை தோலில் குடியேறிப் பெருகுகிற வியாதி. முதலில் திட்டு, பிறகு தடிப்பு, கடைசியில் கட்டி. இவருக்கு இரண்டாவது நிலை.

புற்றுநோய் வகைதான். அதைக் கண்டுபிடித்துவிட்டு நாங்கள் இருவரும் கல்யாண வீட்டுக்காரர்களைப் போலச் சிரித்தது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவரிடம் ஒளிக்கவில்லை. சின்ன வியாதி இல்லை, ஆனால் மெதுவாக நடக்கிற வியாதி, எக்ஸ்-ரே கொடுத்தால் அடங்கும், திரும்பவும் வரலாம், யாருக்கும் தொற்றாது என்றேன்.

"கடலுக்குப் போலாமா?" என்றார்.

"போகலாம்."

"அப்புறம் இன்னா" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

எக்ஸ்-ரேயில் படைகள் தட்டையாயின. அவர் நன்றாகத் தூங்கினார். ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வியாதியின் பெயர் திருப்தி தரவில்லை. ஆஸ்பத்திரிக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "தொத்தாதுங்கிற. நீ அவரு கையால சாப்புடுவியா?" சாப்பிடுவேன் என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை வா."

போனேன். குப்பமே கூடியிருந்தது. எனக்கும் கட்டுமரக்காரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை. சோறும் சங்கரா மீன் குழம்பும். பூக்கார வீட்டில் பிறந்த எனக்கு மீன் பழக்கமே இல்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே மாப்பிள்ளையின் அப்பா சோறு பிசைந்த கையை நிறுத்திவிட்டார். சுற்றியிருந்தவர்கள் என் இலையையே பார்த்தார்கள்.

அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சட்டென்று புரிந்தது. "எனக்கு முள்ளு எடுக்கத் தெரியாது" என்றேன்.

கட்டுமரக்காரர் என் இலைக்குள் கையை நீட்டினார். விரலால் நடுமுள்ளை உருவினார். சதையை உதிர்த்து என் சோற்றின் மேல் வைத்தார். பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் வாயில் போட்டுக்கொண்டேன். காரம் மண்டைக்கு ஏறியது. கண்ணில் நீர் வழிய, இன்னொரு துண்டு கேட்டேன். வேஷமில்லை, அவ்வளவு ருசியாக இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "கோயில் சாமியாராண்ட சொல்லிடு, வர ஞாயிறு மூணாவது ஓலை" என்று சொல்லிவிட்டுப் பிசைந்த சோற்றை அள்ளினார். பெண்கள் பக்கம் ஒரே கலகலப்பு. கட்டுமரக்காரர் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

"இரு நைனா, வால் பக்கம் பொடி முள்ளு கீது" என்று அடுத்த துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.